பொடுதலைக்குக் காவல்

எங்கள் கட்டடத்துச் செக்ரட்டரிக்கு இரண்டு பைத்தியம். ஒன்று போர்டு, இன்னொன்று சிமெண்ட். 'லிஃப்டில் ஈரக் குடை விரிக்காதீர்', 'மொட்டை மாடியில் பட்டம் விடாதீர்', 'அழைப்பு மணியை ஒருமுறை மட்டும் அழுத்தவும்' என்று மாடிக்கு மாடி அவர் கைப்பட எழுதிய போர்டு தொங்கும். போன வருஷம் கேட்டிலிருந்து மாடிப்படி வரை கிடந்த பழைய செங்கல் தரையைப் பெயர்த்துப் போட்டுவிட்டுப் பளபளவென்று சிமெண்ட் பூசினார். காய்ந்த அன்று சாயங்காலம் அதன்மேல் முன்னும் பின்னுமாக நடந்து பார்த்து, வீட்டில் குழந்தை பிறந்த மாதிரி எல்லாருக்கும் ஆளுக்கொரு லட்டு கொடுத்தார். நானும் வாங்கிச் சாப்பிட்டேன். பொய் சொல்வானேன், லட்டு நன்றாகத்தான் இருந்தது.

அடுத்து அவர் கண் என் சமையலறை ஜன்னலுக்கு வெளியே கிடந்த மண்ணில் விழுந்தது.

மயிலாப்பூரில் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் எட்டு வீடு கொண்ட கட்டடம் எங்களுடையது. நாங்கள் தரைத்தளம். என் ஜன்னலுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில், இரண்டு பேர் தோளுரச நடக்கிற அகலத்தில், கட்டடத்தின் நீளத்துக்கு ஒரு துண்டு மண் விட்டிருந்தார்கள். மண் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கட்டியவர்கள் விட்டுப்போன உடைந்த ஓடும் சுண்ணாம்புக் கட்டியும்தான் அதில் பாதி. ஐப்பசி மழையில் அது சேறாகி, அந்தச் சேறு எல்லார் செருப்பிலும் ஒட்டி லிஃப்டில் ஏறி மூன்றாவது மாடி வரைக்கும் போனது. செக்ரட்டரி கூட்டம் போட்டார். "பொங்கல் முடிஞ்சதும் அங்கயும் சிமெண்ட் போட்டுடலாம். தொல்லை விட்டுது" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

நான் எழுந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு நடத்தியவள். எழுந்து நின்றால் குரல் தானாகவே பின்பெஞ்சு வரைக்கும் போகும். "அதெல்லாம் முடியாது" என்றேன்.

"ஏன் மேடம்?"

ஏன் என்று எப்படிச் சொல்வது? சைதாப்பேட்டையில் இரண்டாவது மாடி, தேனாம்பேட்டையில் மூன்றாவது மாடி என்று வாழ்நாள் முழுக்க வாடகை வீட்டு பால்கனியில் தொட்டிச் செடி வைத்துக் காலம் தள்ளியவள் நான். கீழ்வீட்டுக்காரர் தலையில் தண்ணீர் சொட்டுகிறது என்று எத்தனை பேரிடம் ஏச்சு வாங்கியிருப்பேன்! ரிட்டயர் ஆகி, கையில் வந்த பணத்தையெல்லாம் போட்டு இந்தத் தரைத்தள வீட்டை வாங்கினதே, கண்ணெதிரே கொஞ்சம் மண் இருக்கிறது என்கிற ஆசையில்தான். எனக்குத் தொட்டி போதும் போதும் என்றாகிவிட்டது. தரையில் ஏதாவது வளர வேண்டும், அதை நான் வளர்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அந்த ஆசைமேல்தான் இவர் சிமெண்ட் கொட்டப் பார்த்தார்.

ஆனால் கூட்டத்தில் அதையா சொல்ல முடியும்? "பங்குனி வரைக்கும் டைம் குடுங்க. அதுக்குள்ள அங்க சேறே இல்லாம பச்சைப்பசேல்னு ஆக்கிக் காட்டறேன். ஆகலைன்னா நீங்க உங்க சிமெண்டைக் கொட்டிக்கோங்க" என்றேன்.

செக்ரட்டரி கொஞ்சம் யோசித்தார். "சரி. பங்குனி உற்சவத்துல அறுபத்து மூவர் முடியட்டும். அப்புறம் வந்து பாக்கறேன். பச்சையா இருந்தா உங்களுது, இல்லேன்னா என்னுது." சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று சிமெண்ட் மூட்டைகளை வாங்கி மாடிப்படிக்குக் கீழே அடுக்கியும் வைத்துவிட்டார். பால் பாக்கெட் எடுக்கப் போகும்போதெல்லாம் அந்த மூட்டைகள் முகத்தில் முழிப்பேன்.

எங்கள் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் ஒரே வேடிக்கை. என்னை அவர் 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார், கல்யாணமான நாளிலிருந்து. "டீச்சர், கொஞ்சம் பொறுமையா இரு. கடைசில நம்ம ரெண்டு பேருக்கும் கல்லறைத் தோட்டத்துல ஆறடி மண்ணு நிச்சயம் உண்டு" என்றார். நான் அன்றைக்குக் குழம்பில் உப்பே போடவில்லை.

முதலில் நர்சரியில் புல்லுப் பாய் வாங்கி விரித்தேன். பார்க்கத் திருமண மண்டபத்துக் கம்பளம் மாதிரிதான் இருந்தது. ஒரு வாரம் ஜோராக இருந்துவிட்டு, சுண்ணாம்புக் கட்டியில் வேர் இறங்காமல் வைக்கோல் நிறத்துக்கு மாறியது. அப்புறம் பத்துமணிப்பூ வைத்தேன். அந்த மார்கழிப் பனியும் நான் பயத்தில் ஊற்றின தண்ணீரும் சேர்ந்து அழுகிப்போயிற்று. செக்ரட்டரி தினமும் காலையில் வாக்கிங் போகும்போது மதில் பக்கம் எட்டிப் பார்ப்பார். லேசாக இருமுவார். அந்த இருமல் இருக்கிறதே, அதுதான் எனக்கு ஆகவே ஆகாது.

அப்படி இருக்கையில்தான் ஒருநாள் கோட்டூர்புரம் நூலகத்துக்குப் போய்விட்டு ரயிலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ரயில் நிலையத்துக்குப் போகிற குறுக்குப் பாதையில், ஜனங்கள் நடந்து நடந்து தேய்ந்துபோன தரையில், ஒரு கொடி பாய் விரித்த மாதிரி படர்ந்து கிடந்தது. கணுவுக்குக் கணு வேர். சின்னச் சின்ன இலை, ஓரத்தில் ரம்பப் பல். இலைக்கு நடுவிலிருந்து ஒரு காம்பு எழும்பி, அதன் நுனியில் தீக்குச்சித் தலை மாதிரி ஒரு குட்டிக் கொண்டை. அந்தக் கொண்டையைச் சுற்றி வெள்ளையில் ஊதா கலந்த பொடிப் பூக்கள் வளையமாகப் பூத்திருந்தன. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். செருப்புக் காலோடு ஒருத்தர் என்னைத் தாண்டி, அந்தப் பூவின்மேலேயே மிதித்துக்கொண்டு போனார்.

"ஐயோ, பாத்துப் போங்க!" என்று கத்தினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

வீட்டுச் சாவியாலேயே நோண்டி நாலைந்து கொடியை வேரோடு கிளப்பி, காலி டிபன் பாக்ஸில் ஈரக் கைக்குட்டை போட்டுச் சுற்றிக் கொண்டுவந்தேன். வீட்டுக்காரர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "கத்தரிக்காய் பொரியலும் இல்ல, ஒண்ணும் இல்ல. ரயில்வே மண்ணைத் திருடிக்கினு வந்துருக்கே" என்றார். வம்புக்கு இழுப்பதென்றால் மட்டும் அவருக்குச் சென்னை பாஷை வந்துவிடும்.

நட்டேன். மாதா புண்ணியம், பிடித்துக்கொண்டது! சுண்ணாம்பாவது ஓட்டுச் சில்லாவது, அதற்கு ஒன்றும் பொருட்டில்லை. தை பிறந்ததும் கொடி கையை நீட்டி நீட்டி ஊர்ந்தது. நீண்ட கொடியை வெட்டி வெட்டி மண் முழுக்கப் பதியன் போட்டேன். முதுகு விண்விண்ணென்று வலித்தது. பரவாயில்லை, ஜன்னலைத் திறந்தால் பச்சை தெரிந்ததே! சந்தோஷத்தில் அன்றைக்கு வீட்டுக்காரருக்கு இரண்டு ஆம்லெட் போட்டேன்.

காவல் போடத் தொடங்கியதும் அப்போதுதான். சுற்றிலும் செங்கல் நட்டேன். செங்கல்லுக்கு மேல் குச்சி, குச்சிக்குக் குச்சி துணி காயப்போடும் நைலான் கயிறு. செக்ரட்டரிக்கு மட்டும்தான் போர்டு எழுதத் தெரியுமா? வீட்டுக்காரரை உட்காரவைத்து, பழைய காலண்டர் அட்டையில் 'மிதிக்காதீர்' என்று கொட்டை எழுத்தில் எழுதவைத்துக் கயிற்றில் மாட்டினேன். பந்து விழுந்தால் குழந்தைகள் என்னைக் கூப்பிட வேண்டும், நான் குடைக்கம்பியால் எடுத்துத் தருவேன். வீட்டுக்காரர் ஒருநாள் துண்டு காயப்போடக் கயிற்றுக்குள் கால் வைத்துவிட்டார். நான் போட்ட சத்தத்தில் மேல்வீட்டு மாமி பால்கனிக்கு ஓடிவந்தாள். ஏன், நானே அதில் கால் வைத்ததில்லை. களை பறிக்க வேண்டுமென்றால் ஒரு பலகையைக் குறுக்கே போட்டு, அதன்மேல் மண்டி போட்டுக்கொள்வேன்.

மாமி முதல் மாடி. பிறந்து வளர்ந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் இந்த இரண்டு தெருவுக்குள்ளேதான். ஒருநாள் கீழே வந்தவள் கயிற்றுக்கு வெளியே நின்று குனிந்து பார்த்தாள். பார்த்தவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"டீச்சர், இது பொடுதலையாச்சே! எங்காத்துல குழந்தைகளுக்கு மாந்தம்னா இதைத் தேடிண்டு ஊரெல்லாம் அலைவா. எண்ணெய் காய்ச்சினா தலைல பொடுகு நிக்காது. துவையல் அரைச்சா, நல்லெண்ணெய் விட்டு, அடாடா! ஒரு கைப்பிடி பறிச்சுண்டு போகட்டுமா?"

அதுவரைக்கும் அதற்குப் பெயர்கூட எனக்குத் தெரியாது. பெயர் தெரிந்த சந்தோஷத்தைவிடக் கைப்பிடி என்று கேட்டதில்தான் எனக்குப் பகீரென்றது. நம் ஜனங்களிடம் ஒரு செடியை இது மருந்து என்று சொல்லிவிட்டால் போதும், மறுநாள் அதற்குக் குச்சிதான் மிஞ்சும். "மாமி, பங்குனி முடியட்டும், ஒரு கூடையே தரேன். இப்ப ஒரு இலைகூடக் கிடையாது" என்றேன். மாமிக்கு முகம் சுண்டிவிட்டது. தவக்காலத்தில் நான் மீனை விட்டேனே தவிர வாயை விடவில்லை என்று வீட்டுக்காரர் அன்றைக்குப் பூராவும் சொல்லிக்காட்டினார்.

ஆனால் பாருங்கள், அந்தப் பாழாய்ப்போன கொடி என் பாடு எதையும் புரிந்துகொள்ளவில்லை. மாசி முடிய முடிய அது அடர்வதற்குப் பதிலாக மேலே மேலே எழும்பிற்று. ஒல்லி ஒல்லியாகத் தண்டு, தூரத்தில் ஒன்று தூரத்தில் ஒன்றாக இலை, நடுவில் எல்லாம் மண் தெரிகிறது. பூ? பேருக்கு இங்கொன்று அங்கொன்று. தண்ணீர் போதவில்லையோ என்று காலையிலும் மாலையிலும் ஊற்றினேன். மண்புழு உரம் போட்டேன். இன்னும் உயரமாக எழும்பிற்று. கோட்டூர்புரத்தில் கேட்பாரற்றுக் கிடந்தபோது கம்பளம் மாதிரி இருந்த செடி, என் வீட்டில் ராஜ மரியாதையில் சொத்தைப் பல் வரிசை மாதிரி இருந்தது. அழுகையே வந்துவிட்டது எனக்கு. செக்ரட்டரி தினமும் எட்டிப் பார்த்து இருமினார்.

நம் ஊரில் வசந்தம் என்று ஒன்று பங்குனியில்தான் தலைகாட்டும். சித்திரை வெயிலைப் பார்த்ததும் ஓடிவிடும். அந்தக் கொஞ்ச நாளில் அடர்ந்து படரவில்லை என்றால் என் மண் போயிற்று. எனக்குத் தூக்கம் கெட்டது.

கோயிலில் கொடி ஏறியது. தெருவெல்லாம் பந்தல். அறுபத்து மூவர் அன்று எங்கள் கட்டடத்தில் எட்டு வீடும் சேர்ந்து கேட்டில் நீர்மோர் கொடுப்பது வழக்கம். மோர் கடைவது மாமி பொறுப்பு. இஞ்சியும் பச்சை மிளகாயும் நறுக்குவது, டம்ளரில் ஊற்றிக் கொடுப்பது என் பொறுப்பு. கழுத்தில் சிலுவைச் சங்கிலி போட்டுக்கொண்டு நான் வருஷா வருஷம் ஊற்றுகிறேன், ஜனங்களும் குடித்துவிட்டு "நல்லாருக்கணும்மா" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். செக்ரட்டரி மட்டும் அன்றைக்கு மோர்ப் பக்கம் வரமாட்டார். அவர் அம்மா இருந்த காலத்து வேண்டுதல் ஒன்று இருக்கிறது. அறுபத்து மூவர் அன்று வீட்டிலிருந்தே வெறுங்காலோடு கிளம்பி, மாட வீதி முழுக்கச் சாமிகளோடு நடந்து, வெறுங்காலோடுதான் திரும்புவார்.

இந்த வருஷம் வெயில் கொன்று எடுத்தது. மத்தியானத்துக்குமேல் கூட்டம் தெருக் கொள்ளாமல் வந்தது. அண்டாவைச் சுற்றி நெரிசல். யாரோ தள்ள, யாரோ நகர, திறந்திருந்த கேட் வழியாக ஒரு பெரிய கும்பல் உள்ளேயே வந்துவிட்டது. சாமியோடு நடந்து வந்தவர்கள், எல்லாரும் வெறுங்கால். செக்ரட்டரியின் சிமெண்ட் தரையில் கால் வைத்தார்களோ இல்லையோ, "ஆத்தாடி!" "அப்பப்பா!" என்று ஒவ்வொருத்தரும் துள்ளினார்கள். அது தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. துள்ளினவர்கள் எங்கே போவார்கள்? பக்கத்து வீட்டு வேப்ப மர நிழல் விழுந்து பச்சையாகத் தெரிந்தது ஒரே ஒரு இடம்தான்.

என் கையில் மோர்க் கரண்டி. "அங்க போகாதீங்க! போர்டு பாருங்க!" என்று கத்தினேன். யார் காதில் விழும்? கயிறு அறுந்தது. போர்டு எங்கோ பறந்தது. ஒரு அம்மா, இடுப்பில் குழந்தையோடு, நடுவில் போய் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். "அம்மாடி, இன்னா ஜில்லுனு கீது! இங்க வாங்கடி எல்லாரும்!" என்று சொந்தக்காரப் பெண்களைக் கூப்பிட்டாள். அவர்கள் வந்தார்கள். அவர்களுடைய சொந்தக்காரர்களும் வந்தார்கள். ஒரு குடும்பம் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தையே பிரித்துவிட்டது.

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடப் பார்த்தேன். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடுங்கோ டீச்சர். கால் கொப்புளிச்சு வந்திருக்கா. எழுந்து போன்னு எப்படிச் சொல்றது?" என்றாள். சொல்ல முடியவில்லைதான். அந்தக் குழந்தையின் உள்ளங்கால் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்திருந்ததை நானும் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு மோர் ஊற்றினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. பச்சை மிளகாய்க் காரம் என்று பக்கத்திலிருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்து செக்ரட்டரி திரும்பி வந்தார். நெற்றியில் விபூதி, வேட்டி முழங்காலுக்கு மேல், உடம்பெல்லாம் வேர்வை. கேட்டைத் தாண்டித் தன் சிமெண்டில் முதல் அடி வைத்தார். "ஹா!" இரண்டாவது அடி. "ஹூ!" மாடிப்படி இன்னும் எங்கேயோ இருந்தது. பொட்டல் வெயிலில் அந்த மனுஷர் ஒரு காலைத் தூக்கி ஒரு காலை வைத்து ஆடின ஆட்டத்தைப் பார்த்து எங்கள் வீட்டுக்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். நாலாவது துள்ளலில் செக்ரட்டரி நேராக என் பொடுதலைக்குள் வந்து விழாத குறையாக நின்றார். நின்றவர் நகரவேயில்லை. புளியோதரைக் குடும்பம் அவருக்கு இடம் விட்டு ஒதுங்கிக்கொண்டது. நான் ஒரு டம்ளர் மோரைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். என் முகத்தை அவர் பார்க்கவில்லை. கீழே பார்த்துக்கொண்டே குடித்தார்.

சாயங்காலம் கூட்டம் கலைந்தபின் போய்ப் பார்த்தேன். ஒன்றும் மிச்சமில்லை. தண்டெல்லாம் நசுங்கி மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. ஒரு குழந்தையின் கால் கொலுசு வேறு அதில் புதைந்திருந்தது. அதை எடுத்துக் கழுவி கேட்டில் மாட்டிவிட்டு, உள்ளே வந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். போயிற்று, எல்லாம் போயிற்று. பச்சையாக இருந்தால் உங்களுடையது என்றுதானே பேச்சு? இதில் பச்சை எங்கே இருக்கிறது? வீட்டுக்காரர் கேலி எதுவும் பேசாமல் காப்பி போட்டுக் கொடுத்தார். அதிலிருந்தே நிலைமை எவ்வளவு மோசம் என்று தெரிந்துகொண்டேன்.

மறுநாளிலிருந்து ஜன்னலைத் திறக்கவில்லை. தண்ணீர் ஊற்றவும் போகவில்லை. வீட்டுக்காரர்தான் பாத்திரம் கழுவின தண்ணீரைப் பேருக்குக் கொண்டுபோய்த் தெளித்துவிட்டு வந்தார். அவர் அதைப்பற்றி வாயெடுத்தாலே, அந்தப் பேச்சே வேண்டாம் என்று அடக்கிவிடுவேன். செக்ரட்டரி வரவில்லை. மாடிப்படிக்குக் கீழே மூட்டைகள் அப்படியே இருந்தன. இன்றைக்கு வருவார், நாளைக்கு வருவார் என்று பயந்து பயந்தே குருத்து ஞாயிறு போய்ப் பெரிய வெள்ளியும் போயிற்று.

ஈஸ்டர் காலை. விடியற்காலைப் பூசை முடிந்து வந்து கேக் நறுக்கிக்கொண்டிருந்தேன். வெளியே டங், டங் என்று இரும்பு அடிக்கிற சத்தம். "வந்துட்டாங்க. திருநாளும் அதுவுமா தரையைக் கொத்தறாங்க" என்று கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். பின்னாலேயே வீட்டுக்காரர்.

ஓடினவள் மூலை திரும்பியதும் அப்படியே நின்றுவிட்டேன்.

மண்ணே தெரியவில்லை! நசுங்கிப் புதைந்த ஒவ்வொரு கணுவும் வேர் விட்டு, தரையோடு தரையாக இலை அடர்ந்து, மதிலிலிருந்து ஜன்னல் வரைக்கும் ஒரே பாய். பாய் நெடுகிலும் வெள்ளையும் ஊதாவுமாகப் பொடிப் பூ. எண்ணிமுடியாத பூ! குட்டித் தேனீக்கள் ரீங்காரமிட்டுக்கொண்டிருந்தன. ஒரு ஓரத்தில் மாமி உட்கார்ந்து, யாரையும் கேட்காமல், முந்தானையில் பறித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இயேசுவே!" என்றேன்.

"டீச்சர்" என்றார் வீட்டுக்காரர் பின்னாலிருந்து, மெதுவாக. "இதை நீ எங்கேருந்து புடுங்கிட்டு வந்தே?"

"கோட்டூர்புரம்."

"அங்க எங்க?"

"ஸ்டேஷனுக்கு ஜனங்க நடக்கற..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். மனுஷர் விழுந்து விழுந்து சிரித்தார். நாள் பூராவும் ஊரே மிதிக்கிற இடத்திலிருந்து பிடுங்கிக்கொண்டுவந்து, மிதிக்காதீர் என்று போர்டு மாட்டிக் காவல் காத்தவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். போதாக்குறைக்குக் கணக்கு டீச்சர்.

டங் டங் சத்தம் இன்னும் கேட்டது. சிமெண்ட் தரை முடிந்து பொடுதலை தொடங்குகிற இடத்தில் செக்ரட்டரி குந்தியிருந்தார். இரும்புக் கம்பம் ஒன்றை மண்ணில் இறக்கிக்கொண்டிருந்தார். கம்பத்தின் தலையில் புதிதாக ஒரு போர்டு, பெயிண்ட்கூடச் சரியாகக் காயவில்லை. நான் கிட்டே போய்ப் படித்தேன்.

'செருப்பை இங்கே கழற்றவும்.'

"மூட்டையெல்லாம்?" என்று கேட்டேன். எனக்குக் குரல் சரியாக எழும்பவில்லை, பின்பெஞ்சு வரை போகிற குரல்.

"பம்ப் ரூம் சுவர் விரிஞ்சிருக்கு. அதுக்கு ஆயிடும்" என்றார், நிமிராமல். அப்புறம் லேசாக இருமினார். நிமிர்ந்து என் காலைப் பார்த்தார். பூசைக்குப் போன புதுச் செருப்பு அப்படியே காலில் இருந்தது, நுனி போர்டைத் தாண்டியிருந்தது.

"மேடம், போர்டு" என்றார்.

கழற்றினேன். இத்தனை மாசத்தில் முதல்தடவையாக என் மண்ணில் கால் வைத்தேன். அந்த அம்மா சொன்னது சரிதான், ஜில்லென்று இருந்தது.